ஏழாம் பக்கம்

தொண்ணூறடிச் சாலை மாநகராட்சிப் பள்ளி,
இரண்டாம் மாடி.
ஜூலை மழை தகரத்தில் அறைகிற அறையில்
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
இருபத்து மூன்று தாய்மார், ஒரு தகப்பன்.
அவர் வாசலருகே நிற்கிறார், செருப்பைக் கழற்றாமல்,
எந்த நிமிடமும் போய்விடலாம் என்பதுபோல.

கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு குழந்தையின் படம்.
அம்புக்குறிகள்: கண், காது, தோள், முழங்கால்.
ஒரு அம்பு மட்டும் கிளம்பி
வெற்றுக் கோட்டில் போய் நிற்கிறது.
"இங்க என்ன போட, மேடம்?" என்று
அச்சகத்திலிருந்து மூன்று வாரமாகக் கேட்கிறார்கள்.

பத்தொன்பது வருடம் சுவாவில் இதுதான் என் வேலை.
ஆசிரியர் பயிற்சி, சுகாதாரக் கல்வி, குழந்தைப் பாதுகாப்பு,
அமைச்சகத்துக்கு அறிக்கை, அறிக்கைக்கு இணைப்பு,
இணைப்புக்குத் திருத்தம்.
படங்களைப் பிளாஸ்டிக் உறையிட்டு மடியில் இடுக்கி
தீவு தீவாகப் போனேன், படகில், குமட்டலோடு.
ரேவா ஆற்றங்கரையில் ஒரு கிராமம்.
எடுத்த எடுப்பில் பேச எழுந்தேன்.
மெரேசேனி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.
முதலில் யங்கோனா வேர்க்கட்டைத் தரையில் வைக்கணும்.
அதை அவர்கள் ஏற்கணும்.
இடித்துக் கரைத்த சேற்றுநிறத் தண்ணீரைக் குடித்து
நாக்கு மரத்துப்போகணும்.
அப்புறம்தான் பேச்சு.

அப்போதும் அண்ணன் எதிரில் தங்கை காதில்
அந்தச் சொல் விழக்கூடாது.
தனித்தனி அறையில் உட்கார வைத்தோம்.
"பண்பாட்டுத் தடை" என்று கட்டுரை எழுதினேன்.
நாற்பது பேர் மேற்கோள் காட்டினார்கள்.
மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்த என் நாக்கைப் பற்றி
அதில் ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

"வீட்ல பிள்ளைக்கு என்ன பேர் சொல்லித் தந்திருக்கீங்க?"

முந்தானைக்குள் சிரிப்பு.
அது, என்றாள் ஒருத்தி.
கீழ.
அங்க.
ஒரு பறவையின் பெயர், ஒரு பலகாரத்தின் பெயர்.
தோல் கிடங்கிலிருந்து அரைநாள் கூலியை விட்டு வந்த
உச்சிமாகாளி சொன்னாள்:
"ஷேம் ஷேம்னு சொல்லுவோம், மேடம்."
எல்லாத் தலையும் ஆடின.

ஷேம் ஷேம்.
யாராவது அதன்மேல் கை வைத்தால்
பிள்ளை வந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தில்
வெட்கம் பெயர்ச்சொல்லாகவே இருக்கிறது,
நாமே முன்கூட்டி வைத்துக் கொடுத்தது.

வேறு சொல் தேடினேன்.
அகராதியில் இருப்பது கல்வெட்டு.
தெருவில் இருப்பது கல்லெறி.
நடுவே, ஒரு குழந்தை கையில் எடுத்துப்போக
ஒன்றுமில்லை.

வேர்க்கட்டு கொண்டுவரவில்லையே என்று
அப்போதுதான் உறைத்தது.
கையேட்டை மூடினேன். கட்டிங் சாய் சொல்லி அனுப்பினேன்.
இருபத்தைந்து கண்ணாடி டம்ளர், கம்பிக்கூட்டில் கிணுகிணுத்து.
அரைமணி நேரம் ரேஷன், தண்ணி டேங்கர், மாகிம் ரயிலில் நெரிசல்.
தகப்பன் செருப்பைக் கழற்றினார்.
முழங்கால் இடிக்க, சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஆம்பளப் பிள்ளைக்கும் உண்டா இந்தப் பக்கம்?"

உண்டு, என்றேன்.

"எத்தனை வயசுலேர்ந்து?"

சொன்னேன்.
கணக்குப் போடுகிறவர்போல விரல்களைப் பார்த்திருந்தார்.
சாயாவில் ஆடை படிந்தது.

இனி தள்ளிப்போட முடியாது.
மழைக்கு மேலே கேட்க வேண்டுமே என்று
தொண்டை கிழிய அந்தச் சொல்லைக் கத்தினேன்.
அந்தக் கணம் பார்த்து மழை நின்றது.

பக்கத்து அறையில் எட்டாம் வாய்ப்பாடு
பாதியில் நின்றது.
சொல் அறை நடுவே நின்றது, நனையாமல்.
யாரோ இருமினார்கள்.
பிறகு உச்சிமாகாளி, மருந்துச் சீட்டு படிப்பதுபோல,
ஒருமுறை சொன்னாள்.
சரியா, என்று கேட்டாள்.
அவர் உதடும் அசைந்தது.

இரவு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.
எட்டுப் புள்ளி எழுத்து வேண்டாம், முழங்காலுக்குப் போட்ட
அதே அளவு போடுங்கள் என்று.

இங்கே மட்டும்,
இத்தனை வரி எழுதிய பிறகும்,
அது என்றும் அந்தச் சொல் என்றும்தான்
கை போகிறது.